அண்ணியின் புல்வெளி

மான்டி கார்லோ தரை பிடிக்க முப்பத்தொன்பது நாள் ஆகும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது ஒரு செடி. மிளகைவிடச் சின்ன இலை. மீன்தொட்டியின் அடி மண்ணில் நட்டால் நாளடைவில் படர்ந்து, தண்ணீருக்குள் யாரோ புல்வெளி விரித்துவிட்டதுபோல் ஆகிவிடும். மீன் வளர்த்து அலுத்துப்போனவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தச் செடியில்தான் வந்து விழுவார்கள். பொறுமை உள்ளவர்கள் தண்ணீரே ஊற்றாமல், மண்ணை ஈரமாக மட்டும் வைத்து, தொட்டியின் வாயை பிளாஸ்டிக் தாளால் இழுத்து மூடி, வேர் இறங்கும்வரை காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு மெல்லத் தண்ணீர் விடுவார்கள். நான் பொறுமை உள்ளவள்.

நீங்கள் எதிரே உட்காராமல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று, இன்ஸ்பெக்டர் மேடம். முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. கல்லூரியில் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்குவேன், வாய்மொழித் தேர்வில் ஊமையாகிவிடுவேன். என் அண்ணி இறந்தது விபத்து என்றும், அண்ணனின் கவனக்குறைவுதான் அதற்குக் காரணம் என்றும் நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். செடியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவன். நான் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் தொழிற்சாலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்த வீட்டில் எனக்கு அவன், அவனுக்கு நான். முதல் தொட்டியை அவன்தான் ஒட்டினான், கடையில் கழித்துப்போட்ட அலமாரிக் கண்ணாடியை வைத்து. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று நான் சோதித்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்கு முடிவெட்டும் நாள். அவன் நீளக் கத்தரியைத் தண்ணீருக்குள் விடுவான். மிதந்து வரும் துணுக்குகளை நான் வலையால் அள்ளுவேன். ஒரு காலைப்பொழுது முழுக்க நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். எனக்கு அது போதும். தாவரவியல் படித்ததால் என்னை அவன் ‘பாட்டனி’ என்று கூப்பிடுவான். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பாட்டனியா? என்னமோ பல்லு போன கிழவியக் கூப்பிடற மாதிரி இருக்கு. நான் பட்டாணின்னு கூப்பிடறேன். சின்னதா, உருண்டையா, பச்சையா.”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அவனும் பட்டாணி என்றே கூப்பிட ஆரம்பித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. பெயர்தானே.

எங்கள் தொட்டிக்குள் அண்ணி கையை விட்டதும் அந்த வாரத்தில்தான்.

“கையில சோப்பு இருந்தா மீனெல்லாம் செத்துடும் அண்ணி.”

“அடேயப்பா! ஐசியூவுல கூட என்னை இவ்வளவு கேள்வி கேட்க மாட்டாங்க.” கையை எடுத்து, நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் விட்டார். மீன்கள் அவர் விரலைச் சுற்றி வந்தன. எனக்கு மீன்கள் அப்படி வந்ததில்லை. ஆனால் மீனுக்கு மூளை மிகச் சிறியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் அவருக்கென்று ஒரு தொட்டி ஒட்டிக் கொடுத்தான். எங்கள் தொட்டியைவிட ஒரு சாண் நீளம். மான்டி கார்லோ ஒரு கொத்து வாங்கி வந்து எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தான். ஒரே செடி, ஒரே மண், ஒரே நாள். இதைவிட நேர்மையான சோதனை இருக்க முடியாது. நான் தண்ணீர் விடாமல் மூடி வைத்தேன். அண்ணி அன்றைக்கே தொட்டியை நிரப்பினார். நட்டது பாதி மிதந்து மேலே வந்தது. சிரித்துக்கொண்டே அதைத் திரும்பக் குத்தி வைத்தார். அனுபவசாலி யாரும் அப்படிச் செய்ய மாட்டார்.

முப்பத்தொன்பதாம் நாள் என் தொட்டிக்குத் தண்ணீர் விட்டேன். மேலே பச்சையாகத் தெரிந்ததே தவிர, அடியில் பூஞ்சை வேரைத் தின்றிருந்தது. சாயங்காலத்துக்குள் என் புல்வெளி முழுதும் சுருட்டிய பாய்போலக் கிளம்பி மேலே வந்து மிதந்தது. பக்கத்துத் தொட்டியில் அண்ணியுடையது நாலு கண்ணாடியையும் தொட்டிருந்தது.

“கைராசின்னா இதான்யா,” என்றான் அண்ணன். “எதை வச்சாலும் புடிச்சுக்குது பாரேன்.”

“நான் என்னங்க பண்ணேன்? குத்தி வச்சேன். அது பாட்டுக்கு வளருது.”

“பட்டாணிக்குப் படிப்பு இருக்கு, உனக்குக் கை இருக்கு.”

விளையாட்டுக்குத்தான் சொன்னான். கைராசி என்று ஒன்று அறிவியலில் கிடையாது. வெளிச்சம், வாயு, உப்புச்சத்து, அவ்வளவுதான். மறுநாள் வேலையிடத்தில் குடுவைகளைக் கழுவும்போது இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஒரு குடுவை உடைந்தது.

அண்ணிக்கு என் முகம் வாடியது தெரிந்திருக்க வேண்டும். தன் புல்வெளியில் ஒரு கை அளவு பிய்த்து எடுத்து வந்தார்.

“இந்தா பட்டாணி. என்னுது உன்னுதுன்னு இதுல என்ன இருக்கு? ரெண்டும் ஒரே கொத்துதானே.”

வாங்கி நட்டேன். அது பிடித்துக்கொண்டது. என் தொட்டியில், என் தண்ணீரில், அவர் கொடுத்தது மட்டும் செழித்து வளர்ந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அதை நானே பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கேட்டபோது நத்தை தின்றுவிட்டது என்றேன்.

பிறகு ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவருடைய தொட்டியில் இரும்புச்சத்துக் கரைசலை அளவுக்கு மிஞ்சி ஊற்றினேன். பாசி மண்டும், தண்ணீர் சீழ் மாதிரி ஆகும் என்று எதிர்பார்த்தேன். ரோட்டாலா என்று ஒரு செடி பின்வரிசையில் நின்றது. அதுவரை பழுப்பும் பச்சையுமாக, சோகை பிடித்ததுபோல் இருந்தது. நான்கு நாளில் ரத்தச் சிவப்பாகிவிட்டது. கெடுக்க ஊற்றியது ஊட்டமாகிவிட்டது. அண்ணன் படம் எடுத்தான். அண்ணியின் கை தண்ணீருக்குள் இருக்கும்படி நிற்கவைத்து எடுத்தான். செடி வளர்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் குழுவுக்கு அதை அனுப்பி, ‘என் மனைவியின் கைவண்ணம்’ என்று எழுதினான். என்ன உரம் போட்டீர்கள் என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் கேட்டார்கள். ஒன்றும் போடவில்லை என்று அண்ணி உண்மையைத்தான் பதிலாகச் சொன்னார்.

அந்தப் படத்துக்குப் பிறகுதான் அறை விஷயம் வந்தது. பின்பக்கத்துச் சின்ன அறை என்னுடையது. அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே வராமல் கேட்டான்.

“பட்டாணி, நீ ஹால்ல படுத்துக்கறியா? இந்த ரூம்ல வெயில் அடிக்காது, தொட்டிக்கு நல்லது. இவளும் நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்கறதுக்கு இடமில்லாம அல்லாடறா.”

“சரிண்ணா.”

“மனசுல ஒண்ணும் இல்லையே?”

“இல்லண்ணா.”

என்னிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினான். இடுக்குகளைப் பஞ்சு வைத்து அடைத்தான். தொட்டியை உள்ளே நகர்த்தி, அதன் கீழே வாயு சிலிண்டரை வைத்தான். இந்தச் செடிகளுக்குக் கரியமில வாயு வேண்டும். சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியாக அது குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் போகும். கொஞ்சமாகப் போனால் செடிக்கு உணவு. அதிகமானால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதையும் மீறினால் தண்ணீருக்கு வெளியே வந்து அறையில் தங்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகத்தான் முதலில் தங்கும். அண்ணியின் மெத்தை தரையில் கிடந்தது.

அண்ணன் பொறுப்பானவன். அறையில் யார் படுத்தாலும் சிலிண்டரின் திருகு மூடியிருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னான். கடைக்குக் கிளம்பும் முன் தினமும் தானே குனிந்து திருகை மூடிவிட்டுப் போவான்.

அன்றைக்குத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி, மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். ஹாலில், என் படுக்கைக்கு மேலே, புதிதாக ஒன்று மாட்டியிருந்தது. அண்ணி கை நனைத்த அந்தப் படம். சட்டம் போட்டிருந்தார்கள். வேறு சுவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் பின்னறைக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். திருகு மூடித்தான் இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். அண்ணன் மறக்கவில்லை. அவன் எதையும் மறப்பவன் இல்லை. திருகை நான்தான் திறந்தேன். எவ்வளவு திறக்குமோ அவ்வளவும். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வேலைக்குப் போடும் வெள்ளை அங்கியைத் துவைத்துக் காயப்போட்டேன். குளித்தேன். வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கடையிலிருந்து வந்துதான் கதவைத் திறந்தான். அவன் போட்ட சத்தத்தைப் பக்கத்து வீட்டார் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். மீன்கள் எல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். யாராவது பகலில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டுவைத்தால் நல்லது. இருட்டில் மான்டி கார்லோ தாங்காது.

நான் ஏன் இப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அண்ணியின்மேல் எனக்குக் கோபமே கிடையாது. நல்லவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது டூட்டிக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தவர். ஆனால் அண்ணன் அன்றிலிருந்து ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் அவருடைய தோழிகளிடம் சொன்னான், தெருவில் சொன்னான், உங்களிடம் சொன்னான். “நான்தான் மூடல. என் கையாலேயே அவளைக் கொன்னுட்டேன்.” சாப்பிடுவதில்லை. அண்ணியுடைய புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நேற்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நீ மூடியிருப்பேண்ணா,” என்றேன்.

“உனக்குத் தெரியாது. நீ போ.”

“நான் இருக்கேன்ல?”

“போன்னு சொல்றேன்ல? இது எனக்கும் அவளுக்கும் உள்ளது.”

அதைத்தான் விடிய விடிய யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் அவர்கள் இருவருக்கும் மட்டும் என்று ஒன்று இருக்கிறது. குற்றத்தைக்கூட அவன் அவரோடுதான் பங்குபோட்டுக்கொள்கிறான். அது அவர்களுடையது இல்லை, மேடம். அதில் அண்ணனுக்கு ஒரு துளி பாத்தியதை கிடையாது. அது முழுக்க என்னுடையது. அவனுக்கு அது தெரிய வேண்டும். இனி அவன் காலையில் கண் விழித்ததும் யாரை நினைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மீனைச் சாகடிக்கத்தானேம்மா திறந்தே? அவங்க உள்ள இருந்தது உனக்குத் தெரியாதுதானே?” என்று கேட்கிறீர்கள். உங்கள் குரலில் இரக்கம் இருக்கிறது. எனக்கு வழிவிடுகிறீர்கள் என்று புரிகிறது. அறை இருட்டு. அண்ணிக்கு டூட்டி நேரம் அடிக்கடி மாறும். தெரியாது என்று சொல்வதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. நன்றி.

நான் திருகைத் திறந்துவிட்டு எழுந்தபோது அண்ணி புரண்டு படுத்தார். கண்ணை மறைத்துப் போட்டிருந்த துண்டை எடுக்கவில்லை. வாயு சீறும் ஓசை அவரை எழுப்பவில்லை, வார்டில் சிலிண்டர் சத்தத்திலேயே இருப்பவர். என் காலடிதான் எழுப்பியது.

“யாரு, பட்டாணியா? சீக்கிரம் வந்துட்டியா? கதவைச் சாத்திடாதேம்மா. உங்கண்ணன் வந்தா என்னைத்தான் திட்டுவாரு.”

“சாத்தல அண்ணி. நீங்க தூங்குங்க,” என்றேன்.

அவர் தூங்கும்வரை வாசற்படியில் நின்றேன். அதற்குப் பிறகுதான் சாத்தினேன்.