வாய் திறக்காமல் இருக்கப் போனவள்

நாற்புறமும் கடல் சூழ்ந்த நயினாதீவின் இந்தச் சனசமூக நிலைய அவைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் பரமலிங்கம் ஐயா அவர்களே! படகுக்குக் காத்திருந்தே பொறுமையின் இலக்கணம் கற்ற பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டும், அணைக்க மறந்துவிட்டும் ஓடிவந்திருக்கும் அன்னையரே! நான் பேசத் தொடங்குமுன்னே அழுவதற்கு ஆயத்தமாகக் கைலேஞ்சியோடு அமர்ந்திருக்கும் என் தாயார் சறோஜினிதேவி அவர்களே! பவதாரணியின் பணிவான வணக்கம்.

முதுமாணிப் பட்டத்துக்கான கள ஆய்வுக்காக, ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு சின்னஞ்சிறு தீவில் ஆறு கிழமை இருந்து வந்தேன். தீவிலே பிறந்து, தீவிலே வளர்ந்து, ஆயிரம் தடவை அலைகடல் கடந்தவளுக்கு அந்தக் கப்பல் எம்மாத்திரம் என்று எண்ணினேன். பத்தே நிமிடம்! பக்கத்தில் இருந்தவரின் தொப்பியைப் பறித்து அதற்குள் வாந்தி எடுத்தேன். சிரியுங்கள், சிரியுங்கள்! அம்மாவுக்கே இது இன்றுதான் தெரியும்.

எதற்காகப் போனேன்? தங்கள் கப்பல் சேவைக்காகத் தீவு மக்கள் எப்படிக் குரல் கொடுக்கிறார்கள் என்று அறியப் போனேன். ஆனால் எனக்கு ஆசான்கள் இருவர். ஆய்வு மேற்பார்வையாளர், "பாரும், கேளும், எழுதும். வாய் மட்டும் திறக்காதையும்" என்றார். தலைமைத்துவப் பயிற்சியாளரோ, "பிரச்சினையைக் கண்டால் எழும்பிக் கதையும்" என்றார். எனக்கு இருப்பதோ ஒரே ஒரு வாய்!

அறுபத்திரண்டு கேள்விகளோடு வீடு வீடாய் ஏறி இறங்கினேன். "கப்பல் சேவை எப்படி?" "பரவாயில்லை." "குறை ஏதும்?" "மழை." அவ்வளவுதான்!

ஆர் அது? எழுவைதீவு அமலதாஸ் அண்ணையா? "அங்க சனம் இல்லையோ" என்கிறார். சனம் இருக்கு அண்ணை, சத்தம்தான் இல்லை!

நான் தங்கியது ஆடு வளர்க்கும் மோறாக் அக்காவின் வீட்டில். அவருடைய கணவர் கிழமைக்கு மூன்று நாள் காலைக் கப்பலேறி, பெருநிலத்து ஆஸ்பத்திரிக்குக் குருதிச் சுத்திகரிப்புக்குப் போய் வருவார். ஒருநாள் பதினொரு மணிக்கு ஓர் அதிகாரி கூட்டம் வைத்தார். மாரிகாலத்தில் காலைக் கப்பல் நிறுத்தமாம். மத்தியானக் கப்பல் ஒன்றே ஓடுமாம்.

மண்டபம் மௌனித்தது. நான் குறிப்பேட்டில் "மௌனம்" என்று எழுதினேன். மீண்டும் "மௌனம்" என்று எழுதினேன். மோறாக் அக்கா தலைகுனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை பேனை நகரவில்லை. எழுந்துவிட்டேன்! அங்கே பேசியதை எங்கள் தமிழிலேயே சொல்கிறேன்.

"ஐயா, நீங்கள் இண்டைக்கு எந்தக் கப்பலில வந்தனீங்கள்?"

"காலைக் கப்பலில."

"ஏன் மத்தியானக் கப்பலில வரேல்லை?"

"அதில வந்தால் கூட்டத்துக்கு நேரத்துக்கு வந்து சேர ஏலாதே!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே விளங்கியது. முதலில் சிரித்தது மோறாக் அக்கா. சிரித்த வாயோடு எழுந்தார். "என்ர மனுசனும் நேரத்துக்குப் போகவேணும். பிந்தினால் மெசின் கிடையாது. மெசின் இல்லாட்டில் ஆளும் இல்லை. நாங்கள் ஊரை விட்டுப் போறதோ?"

அதன்பின் மீனவர் எழுந்தார், ஆசிரியை எழுந்தார், தபால்காரர் எழுந்தார். ஆறு கிழமையாய் அடைபட்டிருந்த சொல்லெல்லாம் அணையுடைத்துப் பாய்ந்தது! அதைக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி மத்தியானக் கப்பலைத் தவறவிட்டார். மோறாக் அக்கா வீட்டில் சூப் குடித்துப் படுத்து, மறுநாள் காலைக் கப்பலில் அந்த நோயாளிக்குப் பக்கத்திலேயே அமர்ந்து போனார். ஒரு மாதத்தில் அறிவித்தல் வந்தது: கிழமைக்கு மூன்று நாள் காலைக் கப்பல் ஓடும்!

மேற்பார்வையாளர், "ஆய்வைக் குழப்பிப்போட்டீர், திருப்பி எழுதும்" என்றார். பயிற்சியாளர் கைகொடுத்தார். நான் தலைமை தாங்கினேனா? இல்லை! கேட்டது ஒரு கேள்வி. தலைமை தாங்கியவர், தன் கதையைத் தானே எழுந்து சொன்ன மோறாக் அக்கா!

வருகிற புதன்கிழமை எங்கள் மாலைப் படகின் நேரம்பற்றிக் கதைக்க இங்கே அதிகாரிகள் வருகிறார்கள். தலைவர் ஐயா என்னைப் பேசச் சொன்னார். பேசமாட்டேன். சின்னத்தங்கம் அக்கா, கிளினிக்கில் சுணங்கிப் படகைத் தவறவிட்டு நீங்கள் பட்ட பாட்டை நீங்களே சொல்லவேண்டும். சொல்வீர்களா? என்ன, கேட்கவில்லை!

"ஓம் பிள்ளை! சொல்லுறன்!"

அதே சத்தம் புதன்கிழமையும் எழட்டும்! செவி தந்த உங்களுக்கும், சிரித்த உங்களுக்கும், இன்னும் அழுதுகொண்டிருக்கும் அம்மாவுக்கும் என் நன்றி. வணக்கம்!