கொள்ளைக்காரத் தலைவியின் தாவல்

சான்றோர் பலர் எழுதிச் சிறந்த மொழியில் முதன்முறையாக எழுதத் துணிந்தமைக்கு வாசகர்களிடம் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன். கொரியாவின் நாம்ஹே தீவில், சூசொக் அறுவடைத் திருநாளின் பிற்பகலில், பெண் கேட்டு வந்த ஜின்தேக் என்னும் இளைஞர், பெண்ணின் தந்தை தல்சூவின் முன்னே மண்டியிட்டு அமர்ந்திருந்தார். ‘வசதியாக உட்கார்’ என்று பெரியவர் சொல்லும்வரை கால்களை மடக்கியே வைத்திருக்க வேண்டும். அவரோ இன்னும் சொன்னபாடில்லை. அருகில் பெண் பொராமும் அவள் தாயார் சுன்தொக்கும். தொலைக்காட்சியில் பழங்காலக் கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றிய நகைச்சுவைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இனி அவர்களே பேசட்டும். குறுக்கிட எனக்குத் தகுதியில்லை.

தல்சூ: ...நிறுத்திட்டேன். இதுல நீ எங்க?

ஜின்தேக்: அந்த... முள்ளங்கிப் பீப்பாய்க்குப் பின்னாடி, மாமா.

தல்சூ: மாமாங்கறதெல்லாம் அப்புறம். பீப்பாய்க்குப் பின்னாடி ஒரு முழங்கைதான் தெரியுது.

ஜின்தேக்: என்னோடதுதான்.

தல்சூ: முழங்கைக்கா பொண்ணு குடுக்கறது?

சுன்தொக்: அந்தப் பிள்ளைக்குக் கால் மரத்துப்போயிருக்கும். வசதியா உட்காரச் சொல்லுங்களேன்.

தல்சூ: மூஞ்சியக் காட்டட்டும், சொல்றேன். தியேட்டர்ல ரெண்டு தடவ பாத்தேன், இவன் எங்கயும் இல்ல. படத்துல நடிச்சேன்னு நம்ம பொண்ணுகிட்ட அளந்திருக்கான். பொய் சொல்றவனுக்கு என் வீட்ல பொண்ணு கிடையாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் டிஸ்க்கே வாங்கினேன்.

பொராம்: அதுக்கா வாங்கினீங்க? தலைவி தாவற சீனுக்காக வாங்கினீங்க.

தல்சூ: அது வேற விஷயம். அந்தத் தாவல்... இரு, போடறேன்.

சுன்தொக்: போச்சு. இனி பொழுது சாயற வரைக்கும் இதான்.

தல்சூ: பாரு தம்பி. பாய்மர உச்சியில நிக்கறா. கூந்தல் பறக்குது. கீழ அரசாங்கக் கப்பல், அம்பது சிப்பாய். யோசிக்கவே இல்ல பாரு... அப்படியே தாவறா. பொம்பளைன்னா இப்படித் தாவணும்.

சுன்தொக்: நான் படியில வழுக்கி விழுந்தப்ப திரும்பிக்கூடப் பாக்கல இவரு.

தல்சூ: நீ விழுந்த. இவ தாவறா. அந்த இடுப்பைப் பாரு தம்பி, அலை மாதிரி வளையுது.

ஜின்தேக்: ரொம்ப... ரொம்பப் பாக்காதீங்க மாமா.

தல்சூ: ஏன்?

ஜின்தேக்: கண்ணுக்குக் கெடுதல்.

பொராம்: அப்பா, அடுத்த சண்டைக்குப் போலாமே. கிம்ச்சி ஊறுகாய் ஜாடியெல்லாம் உடையுமே, அது.

தல்சூ: சரி, வந்தாச்சு. நீ எங்க?

ஜின்தேக்: மூணாவது ஜாடி. அதுக்குள்ள தலைகீழா...

தல்சூ: கால்தான் தெரியுது.

ஜின்தேக்: என் கால்தான்.

தல்சூ: முழங்கை ஒண்ணு, கால் ரெண்டு. இன்னும் நாலு படம் எடுத்தா முழு ஆளாயிடுவ.

சுன்தொக்: டப்பாவுல இன்னொரு டிஸ்க் இருந்ததே. படம் எடுத்த கதைன்னு போட்டிருந்துது. நடிச்சவங்க மூஞ்சியெல்லாம் அதுல தெரியுமே.

பொராம்: அது... கீறல் விழுந்துபோச்சும்மா.

தல்சூ: உறையே பிரிக்கல, அதுக்குள்ள எப்படிக் கீறல்? திருநாளன்னிக்குப் பாக்கலாம்னு ஆசையா வச்சிருந்தேன். எங்க அது?

பொராம்: தெரியல.

சுன்தொக்: எழுந்திரு.

பொராம்: எதுக்கு?

சுன்தொக்: நீ உட்காந்திருக்கிற மெத்தைக்குக் கீழ என்னமோ மின்னுது.

ஜின்தேக்: மாமா, முதல்ல நான் கொண்டாந்த பேரிக்காயை வெட்டலாமா?

தல்சூ: பேரிக்காய் எங்கயும் ஓடிடாது. குடு இப்படி... ஆ, ஓடுது. கடலைக் காணோமே, ஏதோ பச்சைத் துணியா தொங்குது. இதோ வந்துட்டா தலைவி. முதுகு தெரியுது. ஏறுறா. கயிறு கட்டறாங்க... தாவிட்டா. பாத்தீங்களா, நிஜமாவே தாவியிருக்கா, நான் அன்னிக்கே சொன்னேன். இறங்கிட்டா. திரும்பறா. கூந்தலை...

சுன்தொக்: என்ன, கூந்தலை?

தல்சூ: ...கூந்தலைக் கழட்டறா.

சுன்தொக்: மீசை இருக்கே.

பொராம்: அப்பா...

தல்சூ: தம்பி. டிவி பக்கத்துல வா.

ஜின்தேக்: கால் மரத்துப்போச்சு மாமா.

தல்சூ: தவழ்ந்து வா.

சுன்தொக்: அதே மூக்கு. காதுகூட அதே காது.

ஜின்தேக்: கதாநாயகிக்கு உயரம்னா பயம், மாமா. அவங்களுக்கு நான்தான் டூப். அந்த முழங்கை, கால் எல்லாம் யாரோடதுன்னே தெரியாது. மன்னிச்சிருங்க.

தல்சூ: இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

பொராம்: நான்தான் வேண்டாம்னேன். அந்தத் தாவலை நீங்க ஃபோன்ல முகப்புப் படமா வச்சிருக்கீங்க. அதப் போயி எப்படிச் சொல்றது?

தல்சூ: இடுப்புன்னு வேற சொன்னேனே...

ஜின்தேக்: நான் எதுவும் கேக்கல மாமா.

சுன்தொக்: நான் கேட்டேன். அலை மாதிரின்னாரு.

தல்சூ: நீ சும்மா இரு... தம்பி, வசதியா உட்காரு. மூஞ்சியக் காட்டுன்னேன், காட்டிட்ட. சொன்ன சொல் மாற மாட்டேன். பொண்ணு உனக்குத்தான்.

ஜின்தேக்: ரொம்ப நன்றி மாமா. எல்லாம் உங்க வீட்டு நெத்திலி புண்ணியம். அதைச் சாப்பிட்டப்புறம்தான் என் முட்டிவலியே போச்சு.

சுன்தொக்: எந்த நெத்திலி?

பொராம்: போச்சு.

சுன்தொக்: நீ இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கறதே இன்னிக்குத்தான். எங்க நெத்திலியை எப்பச் சாப்பிட்ட?

தல்சூ: கடையில வாங்கியிருப்பான். தீவு நெத்திலி எல்லா ஊருக்கும்தானே போகுது...

சுன்தொக்: உங்களைக் கேக்கல. தம்பி, மறுபடி மண்டி போடு.

ஜின்தேக்: சரிங்க அத்தை.

சுன்தொக்: நீங்களும்தான்.

தல்சூ: நானா?

சுன்தொக்: போடுங்க. ம், சொல்லு தம்பி.

ஜின்தேக்: படம் வெளியானப்புறம் சியோலுக்குப் பார்சல் வந்துது அத்தை, கதாநாயகி பேருக்கு. கூடவே லெட்டர். ‘இப்படித் தாவுற முட்டிக்குச் சத்து வேணும். கடல்ல மூங்கில் வேலி நட்டுப் பிடிச்ச நெத்திலி, அப்படியே சாப்பிடுங்க’ன்னு எழுதியிருந்துது. அவங்க நேர்மையானவங்க. ‘புகழ்ந்தது தாவலைத்தானே, அப்ப இது உனக்குத்தான்’னு என்கிட்டயே குடுத்துட்டாங்க. அனுப்பினவருக்கு நேர்ல நன்றி சொல்லலாம்னு வந்தேன். கதவைத் திறந்தது பொராம். வாசலோட திரும்பிட்டேன்.

தல்சூ: அப்போ எனக்கு வந்த பதில் லெட்டரெல்லாம்...

ஜின்தேக்: நான் எழுதினதுதான் மாமா.

தல்சூ: ‘காற்றில் மிதக்கையில் தங்களை நினைத்துக்கொள்கிறேன்’னு இருந்ததே.

ஜின்தேக்: மரியாதைக்கு எழுதினேன் மாமா.

சுன்தொக்: அப்பா சம்மதம் சொல்லியாச்சு. அம்மா இன்னும் சொல்லல. இந்த வீட்டுலேர்ந்து என்னென்ன போச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. அப்புறம்தான் கல்யாணப் பேச்சு.

தல்சூ: முதல் தர நெத்திலி மூணு பெட்டி. கடற்பாசி ரெண்டு கட்டு. உன் தங்கச்சி அனுப்பின எலுமிச்சைத் தேன் ஒரு ஜாடி. லெட்டர் அஞ்சு. அப்புறம்... நெத்திலியைப் பூனைதான் தின்னுச்சுன்னு நான் சொன்னதை நம்பி விரட்டிவிட்டியே, அந்தப் பூனை ஒண்ணு.