வளர்ந்த பிறகு பொருந்தும் அங்கி

அவையை ஆளும் எங்கள் சனசமூக நிலையத் தலைவர் நோர்மன் ஐயா அவர்களே, கொழும்புத்துறைக் கடலைக் கண்மூடியும் கடக்கவல்ல மூத்தோரே, மடியில் பிள்ளையும் முகத்தில் வெயிலுமாய் அமர்ந்திருக்கும் தாய்மாரே, நாளை உல்லாசப் படகோட்டப் போகும் அண்ணைமாரே, அனைவருக்கும் என் வணக்கம்.

புதிய படகுச் சேவையை வாழ்த்தத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் நாளைக் காலை முதற்படகில் ஏறப்போகிறவர்கள் நம் முன்பள்ளிப் பிள்ளைகள். அதனால் வாழ்த்துக்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு வெள்ளோட்டம். என் அக்கா கேதீஸ்வரியும் மகள் தாரிகாவும் போனார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அக்கா தேடி வாங்கிய செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி. திரும்பி வந்து இறங்கும்போது கால் வழுக்கிப் பிள்ளை கடலில் விழுந்தாள். அங்கி மிதந்தது. பிள்ளை மிதக்கவில்லை! அங்கி தலைக்கு மேலே கழன்று போக, பிள்ளை கீழே போனாள். படகோட்டி செந்தூரன் அண்ணை குதித்துத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்.

ஏன் இவ்வளவு பெரியது என்று அக்காவைக் கேட்டேன்.

“வளருற பிள்ளைதானே தம்பி. இன்னும் ரெண்டு வருசம் போடலாமெண்டு பெரிசா எடுத்தனான்.”

சிரிக்கிறீர்கள். உங்களில் யார் பிள்ளையின் பள்ளிச் சட்டை தோளில் சரியாக நிற்கிறது? சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்து அனுப்பாத தாய் யார்? சட்டை காத்திருக்கும், சப்பாத்துக் காத்திருக்கும். பிள்ளை வளரும்வரை கடல் காத்திருக்குமா?

அங்கே ஒருவர், எங்கள் கடல் இடுப்பளவுதானே என்கிறார். ஓம் அண்ணை, இடுப்பளவுதான். யாருடைய இடுப்பு? உங்களுடைய இடுப்பு. தாரிகாவுக்கு அது தலைக்கு மேல்.

அக்கா மீது எனக்குக் கோபமில்லை. அது இல்லாமை பழக்கிய சிக்கனம். என் கோபமெல்லாம் இந்த மேடையில் அடுக்கி மாலை போட்டிருக்கிற அங்கிகளைப் பற்றியது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பினார்கள், நன்றி. ஆனால் அத்தனையும் பெரியவர் அளவு. பிள்ளைகள் ஏறும் படகுக்கு இதை யார் கேட்டு வாங்கியது? படம் பிடிக்க எந்த அளவும் போதும். பிள்ளை மிதக்க அது போதுமா?

நோர்மன் ஐயா, உங்கள் பேத்தி நிவேதனாவும் நாளை போகிறாள். இங்கே வா அம்மா. மாட்டுகிறேன். பட்டிகளை எல்லாம் இறுக்குகிறேன். இனித் தோள் இரண்டையும் பிடித்து மேலே இழுக்கிறேன். தாடை மறைந்தது. காது மறைந்தது. கண்ணும் மறைந்தது. பொருந்திய அங்கி தாடையைத் தாண்டாது, தாய்மாரே. உள்ளே எழுதியிருக்கும் நிறை பிள்ளையின் நிறையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கால்களுக்கிடையே போகும் பட்டி இருக்கிறதா பாருங்கள். இப்படி இழுத்துப் பாருங்கள்.

ஐயா எழுந்துவிட்டார். ஒலிவாங்கியைத் தருகிறேன். எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள், ஐயா.

“நாளைக்குப் படகு ஓடாது. சின்ன அளவு வந்தாப் பிறகு பாப்பம்.”

கேட்டீர்களா? நாளைக் காலை பிள்ளைகள் அழுவார்கள், அண்ணைமார் முணுமுணுப்பார்கள். அழட்டும். கரையில் நின்று அழுகிற பிள்ளையைத் தூக்கித் தேற்றலாம்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.