ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் காலைத் தொட்டுக் கேட்கிறேன், நாளைக் காலை பத்து மணி வரை யாரிடமும் காட்டாதீர்கள். தமிழம்மா எழுதிக் கொடுத்த உரை வேறு. மயிலாப்பூரில் எங்கள் பள்ளி மேடையில் நான் பேசப்போவது இதுதான். தி.நகரில் எங்கள் துணிக்கடையின் ட்ரயல் ரூமுக்குள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சட்டை அட்டையை முழங்காலில் வைத்து எழுதுகிறேன். வெளியே கடையைக் கூட்டுகிறார்கள்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! தவறைத் திருத்தினாலும் தலையில் குட்டாத ஆசிரியப் பெருமக்களே! அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே! மேடையின் மூன்றாம் நாற்காலியில், பெற்றோர் சங்கத்தின் சார்பில் பொன்னாடையோடு வீற்றிருக்கும் ஜவஹர் அவர்களே, என் அப்பாவே! அனைவருக்கும் பதினொன்றாம் வகுப்பு தாரணியின் வணக்கம்.

‘வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம்’ என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். வெளியே ஆங்கிலம் எங்கே இருக்கிறது? அடையாற்றுப் பூங்காவில் நடக்கிறது. ஆழ்வார்பேட்டைக் காபிக் கடையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறது. அங்கே போய் நான் வாய் திறந்தால் என்ன கிடைக்கும்? சிரிப்புத்தான் கிடைக்கும். தப்பாகப் பேசினாலும் சிரிக்காத ஒரு காது, திக்கினாலும் எழுந்து போகாத ஒரு துணை இம்மாநகரில் உண்டா?

உண்டு, அவையோரே, உண்டு! கஸ்டமர் கேர்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள். நாம் வைக்கும்வரை போனை வைக்காதவர் உலகில் வேறு யார்? பள்ளி விட்டுக் கடைக்கு வந்ததும் கல்லாவில் கிடக்கும் கடைப் போனை எடுத்துக்கொண்டு ட்ரயல் ரூமுக்குள் போவேன். பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்துவேன். கேஸ் கம்பெனியோடு பேசினேன். கேபிள் கம்பெனியோடு பேசினேன். எங்கள் வீட்டில் இல்லாத ஏ.சி. பற்றிக்கூடப் பேசினேன்! கண்ணாடியில் என் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். ஆறே மாதத்தில் திக்கல் போயிற்று.

ஒரு சனிக்கிழமை, எங்கள் கடைக் கார்டு மெஷின் கம்பெனியை அழைத்தேன். அனன்யா என்றொரு பெண் எடுத்தார். ஏதோ வேகமாகக் கேட்டார். புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். “யெஸ் மேடம்” என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி யெஸ் மேடம். நான் எதற்குத் தலையாட்டினேன் தெரியுமா? மெஷினை நிறுத்திவிடச் சொல்லித் தலையாட்டியிருக்கிறேன்.

மறுநாள் ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு. பதினோரு மணிக்கு மெஷின் செத்தது. கார்டும் ஏறவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. தேர்ந்தெடுத்த புடவைகளை அப்படியே போட்டுவிட்டு மக்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அப்பா கம்பெனிக்குப் பேசினார். உங்கள் கடை போனிலிருந்து ஒரு பெண்தான் ஆங்கிலத்தில் நிறுத்தச் சொன்னார் என்றார்கள்.

கல்லாவில் இருந்தவர் சந்திரிகா அக்கா. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வருபவர். வடநாட்டு வாடிக்கையாளர் வந்தால் அக்காதான் ஆங்கிலத்தில் பேசுவார். அத்தனை பேர் முன்னிலையில் அப்பா அவரிடம் விளக்கம் கேட்டார்.

“நான் இன்னாத்துக்கு அண்ணாச்சி நிறுத்தப் போறேன்? எனக்கு இன்னா லாபம்?” என்றார் அக்கா. “தாரணியும்தான் போனை எடுத்துக்கினு போவுது. அதையும் ஒரு வார்த்தை கேளுங்க.”

அப்பா சிரித்துவிட்டார். “அவளா? எம்பிள்ளைக்கு இங்கிலீஷ்ல வாயே வராது. பச்சப்புள்ள மேல பழியப் போடாத. நாளையிலேர்ந்து நீ வராண்டாம்.”

நான் அங்கேதான் துண்டு மடித்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதம் வளர்த்த வாய் அன்று திறக்கவில்லை. அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். ஒரு முறைதான் பார்த்தார். ஒன்பது நாளாகிறது.

வீட்டிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். மூன்று முறை அப்பா எதிரே போய் நின்றேன். மூன்று முறையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மைக்கின் முன் நின்றால் திரும்பி ஓட முடியாது. அதுமட்டுமா? அக்காவை ஊரறிய அனுப்பிவிட்டு, உண்மையை மட்டும் அடுக்களையில் சொல்வது எந்த ஊர் நியாயம்?

தோழியரே! தப்பாகப் பேசினேன், திருத்தினார்கள். திக்கித் திக்கிப் பேசினேன், பொறுத்தார்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றேனே, அதை எந்த எண்ணை அழுத்தித் திருத்துவது? பேசுங்கள்! பிழையோடு பேசுங்கள்! புரியாவிட்டால் புரியவில்லை என்று பேசுங்கள்! தப்பு நம்முடையதென்றால், முதலில் எழுந்து பேசுங்கள்!

அப்பா, எனக்கு ஆங்கிலம் வரும். என் பள்ளியை நிறுத்தினாலும் நிறுத்துங்கள், சந்திரிகா அக்காவைக் கல்லாவுக்குத் திரும்ப அழையுங்கள். நம்பமாட்டீர்கள் என்பதால், நன்றியும் வணக்கமும் கூறுமுன் அந்தப் பேச்சை உங்கள் காதாரக் கேளுங்கள்: “குட் ஈவினிங் மேடம், ஐ ஆம் காலிங் ஃப்ரம் ஜவஹர் டெக்ஸ்டைல்ஸ்...”

இந்த இடத்தில்தான் குரல் உள்ளே போகிறது. நாளை போகக் கூடாது. எழுந்து நின்று, கண்ணாடியைப் பார்த்து, ஒரு முறை உரக்கச் சொன்னேன். இரண்டாம் முறை இன்னும் உர

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

“உள்ள யாரு இங்கிலீஷ்ல பேசுதது?”