கண் என்னும் சொல்லுக்குக் காவல் நின்ற அக்காவுக்கு

சொல் ஒன்று கிடைத்தால் சோறு மறந்தவரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் தொழிற்சொல் அகராதியின் முதுகெலும்பாய் நின்றவரே! எங்கள் அன்புக்கும், மறைப்பானேன், கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய அக்கா அவர்களே! வணக்கம்.

இன்று மாலையோடு தாங்கள் பணி நிறைவு பெறுவதாக ஆணை சொல்கிறது. எங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. காலை எட்டரைக்கு மாடிப்படியில் தங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் அரட்டையை நிறுத்திப் பேனாவை எடுத்துப் பழகிய கைகள் இவை.

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டால் பிறர் அலமாரியைத் திறப்பார்கள். தாங்கள் குடையை எடுப்பீர்கள். பட்டறையிலும் வயலிலும் படகுத்துறையிலும் நின்று, அங்கே வேலை செய்பவர்கள் சொன்னதைச் சொன்னபடி சீட்டில் எழுதி, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் "ஆமா, அதான்" என்று தலையாட்டிய பிறகே அடுத்த வேலை பார்ப்பீர்கள். கைப்பையில் எப்போதும் சீட்டுக்கட்டோடு அலைந்த தங்களை, பாவம், பின்தெரு மக்கள் பல ஆண்டுகள் சீட்டுப் பிடிப்பவர் என்றே நினைத்திருந்தார்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் வீட்டுக்காரர் எங்களிடம் ஒருமுறை சொன்னார்: "இவள கடைக்கு அனுப்பினா அன்னிக்கு சமையல் இல்லன்னு வெச்சுக்கோங்க. தராசுல ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பேருன்னு கேட்டுக்கிட்டு நிப்பா."

அப்படிப்பட்ட தங்களிடம்தான் 'கண்' என்ற சொல் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவர் முகத்திலும் இரண்டு இருக்கும் பொருள்தானே, ஒரு வாரத்தில் முடியும் என்று நாங்கள் பட்டியலில் எழுதினோம். இரண்டு ஆண்டுகள் ஆயின. பாலம் கட்டுபவருக்குத் தூண்களுக்கு நடுவே நீர் போகும் வழி கண். சல்லடை செய்பவருக்குத் துளை கண். முரசு கட்டுபவருக்கு அடி விழும் இடம் கண். கிழங்கு நடுபவருக்கு முளை கிளம்பும் குழி கண். ஊசியிடம் மட்டும் தங்கள் பருப்பு வேகவில்லை. "அதுக்குக் காதுங்க, கண் கெடையாது" என்று தையற்காரர் அனுப்பிவைத்தார். தாங்கள் அசராமல் அந்தச் சீட்டைக் 'காது' இழுப்பறையில் போட்டீர்கள்.

வலையின் துளை கண் என்பது பழைய அகராதிகளிலேயே உண்டு. ஆனால் கிழிந்த வலையைத் தைக்க எந்த முடிச்சில் தொடங்க வேண்டுமோ அந்த முடிச்சும் கண்தான் என்று சொன்னவர், துறைமுகத் தெருவில் வலை பழுதுபார்க்கும் பெரியம்மா. இப்படி வாய்மொழியாக மட்டுமே கிடைத்த பொருள்கள் பதினொன்று. அவற்றின் மேல்தான் மூன்று மாதங்களுக்கு முன் கத்தி விழுந்தது.

எழுத்துச் சான்று இல்லாதவற்றை நீக்க வேண்டும் என்றார் பதிப்புக்குழுத் தலைவர். தாங்கள் வாதாடவில்லை. வெளியே போய், பெரியம்மாவையே கூட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டீர்கள்.

"அம்மா, நீங்க சொல்றது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

பெரியம்மா தங்களைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் எழுதிக்கிட்டு இருக்கே. நீங்க அச்சுப் போட்டா இனிமே இதுல இருக்கும்ல?" என்றார்.

அறை சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, பதினொன்றையும் நீக்கக் குறிப்பெழுதினார். அப்போது தாங்கள் எழுந்து, "முதல் பக்கத்துல என் பேரு இருக்குல்ல சார், அத எடுத்துடுங்க. அவங்க சொன்னத எடுக்காதீங்க" என்றீர்கள்.

மேசையைச் சுற்றி நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்; ஒருவர் ஆறிப்போன தேநீரை ஊதிக் குடித்தார். பாராட்டு மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. எழுதாமல் விட்டால் மற்றப் புகழ்ச்சியெல்லாம் வெறும் ஜிகினா என்பதால் எழுதுகிறோம். வெட்கமாக இருக்கிறது, அக்கா.

தாங்கள் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் துறைமுகத் தெருவுக்கு நடந்து போய், சீட்டு நீக்கப்பட்டதைப் பெரியம்மாவிடம் நேரில் சொன்னீர்கள். "போனா போவுது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று அவர் கேட்டாராம். திரும்பி வந்து மாலைவரை தாங்கள் ஒரு சீட்டுகூட எழுதவில்லை.

அலைந்த கால்கள் ஆறுதல் பெறட்டும்! உடல் நலமும் உள்ள நிறைவும் ஓங்கட்டும்! வீட்டுக்காரரோடு வீண்சண்டை போட வேண்டிய பொழுதெல்லாம் தங்களுக்கு வாய்க்கட்டும்! நூறாண்டு வாழ்ந்து, நாங்கள் செய்யும் பிழைகளைத் தொலைபேசியிலாவது திட்டித் திருத்த வேண்டும்!

மடலை முடிக்கும் முன் ஒன்று. பதினொரு பொருளும் இல்லாமல் அந்தப் பக்கங்களை அச்சுக்கு அனுப்ப எங்களில் யாரும் கையெழுத்திட மாட்டோம் என்றும், அக்காவின் பெயரை எடுத்தால் எங்கள் பெயர்களையும் எடுத்துவிடலாம் என்றும் இன்று காலை கடிதம் கொடுத்துவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. தலைவர் இதோ, இதே மேடையில், தங்களுக்கு வலப்பக்கம் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்ஙனம்,
அன்று பேசாமல் இருந்த ஒன்பது பேர்