பாய்க்கு வெளியே விழுந்த மூன்று

“நீ ஓரவஞ்சனைக்காரி, பர்ஹா.”

கற்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள். பாயில் தாயக்கட்டை உருட்டி, விழுகிற எண்ணை வைத்து ஆளுக்கொரு பாத்திரத்துக்குப் பலமும் புத்தியும் கொடுத்து, கதை கட்டி விளையாடுகிறவர்கள். பர்ஹாதான் விளையாட்டை நடத்துகிறவள். வெட்கமில்லாமல் கத்தினார்கள், நானும் வெட்கமில்லாமல் கேட்டேன்.

“என்ட ஆளுக்குப் புத்தி வெறும் மூண்டு விழுந்திச்சு. திரும்ப உருட்டுறன் எண்டன். அது உன்ட நஸீபு, தலைவிதி, ஏத்துக்கோ எண்டாய்.”

“மடைச்சியா நீ நல்லா நடிக்கிறாய் மச்சி. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“நேத்து வந்த நுஸ்ராவுக்கும் மூண்டுதான் விழுந்திச்சு. அது செல்லாது எண்டு நீயே கட்டையை எடுத்து அவள்ட கையில குடுத்தாய்.”

“அது பாய்க்கு வெளியதானே விழுந்திச்சு?”

“என்டதும் வெளியதான், அலுமாரிக்குக் கீழ! நீதான் குனிஞ்சு பாத்து மூண்டு எண்டாய்!”

பர்ஹா ஜன்னல் பக்கம் திரும்பினாள். பாலாவியில் இறங்க வேண்டிய ஒருவர் இறங்காமல் நின்றார்.

“எனக்கு விழுந்தா நஸீபு, அவளுக்கு விழுந்தா செல்லாது. ஏன்? என்ட காதுக்குள்ள சொல்லாத. நம்மட வட்ஸ்அப் குரூப்பில போடு, நுஸ்ராவும் பாக்கட்டும்.”