தேக்கு மேசை உள்ளே போகும் சனிக்கிழமை

மார்லிஸ்: மெதுவா... மெதுவா தூக்கு, ஆர்விட். இடுப்பு பிடிச்சுக்கிட்டா உன்னையும் இங்கேயே மூடி வச்சுட்டுப் போயிடுவேன்.

ஆர்விட்: இடுப்பு நல்லாத்தான் இருக்கு. தோட்டத்து நாற்காலி மெத்தையெல்லாம் காஞ்சுதா? பனிக்காலம் பூரா நிலவறையில கிடக்கணும், ஈரத்தோட வைக்காத.

மார்லிஸ்: நேத்தே காயவச்சு மூட்டை கட்டியாச்சு. வருஷா வருஷம் இதே கேள்வி.

ஆர்விட்: கேக்காம விட்ட வருஷம் என்ன ஆச்சு? நாம விவாகரத்து வாங்கி, நான் இந்த வீட்டை விட்டுப் போன குளிர்காலம்... நீ மேசையை வெளியிலயே விட்டு, நீலத் தார்ப்பாயைச் சுத்தி, கயித்தைப் போட்டு இறுக்கி...

மார்லிஸ்: காத்துல பறந்துடக் கூடாதுன்னு கட்டினேன்.

ஆர்விட்: மூச்சுவிட இடம் வேண்டாமா அதுக்கு? பனி உருகினப்புறம் பிரிச்சா மேசை பூரா காளான். எனக்கு போன் பண்ணி, "வா, சூப்புக்கு ஆகும்"ன்னு சொன்ன.

மார்லிஸ்: நீ சிரிச்சியே அன்னைக்கு... ரெண்டு பேரும் பேசாம இருந்து எத்தனை மாசம் ஆகியிருந்தது.

ஆர்விட்: தேச்சுத் தேச்சு என் விரல் போச்சு. இந்தக் கறுப்பு மட்டும் இன்னும் போகல பாரு.

மார்லிஸ்: அது காளான் இல்லப்பா. நம்ம பொண்ணு கிர்ஸ்டன் பள்ளிக்கூடம் முடிச்ச விருந்துல ஆனது. அடுப்புல இருந்து எடுத்த சட்டியை அப்படியே வச்சது யாரு?

ஆர்விட்: ஆமால்ல... ஜூன் மாசம். ஏரிக்காத்துல ஊரே கோட்டு போட்டுக்கிட்டு உருளைக்கிழங்கு சாலட் தின்னுது.

மார்லிஸ்: ஒருத்தர்கூட உள்ள போய் உக்காரலாம்னு சொல்லல.

ஆர்விட்: சொல்லுவாங்களா? கோடைன்னா வெளியிலதான்.

மார்லிஸ்: ம்... கிர்ஸ்டன்னதும்தான் ஞாபகம் வருது. அவ புதுசு வாங்கித் தரேங்கிறா. அலுமினியம். பனியிலயே கிடக்கலாமாம். மூடவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம்.

ஆர்விட்: ...ஓ.

மார்லிஸ்: ஓன்னா?

ஆர்விட்: நல்லதுதானே. வேலை மிச்சம்.

மார்லிஸ்: உனக்கும் இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு வர வேண்டாம். மான் வேட்டைக்காலம் தொடங்கப் போகுது, வீட்டுல உக்காந்து துப்பாக்கியைத் துடைக்கலாம்.

ஆர்விட்: துப்பாக்கியை வித்தாச்சு. முட்டி விடல.

மார்லிஸ்: அப்புறம் ஏன், வேட்டைக்கு முந்தின சனிக்கிழமைதான் வருவேன்னு பிடிவாதம்?

ஆர்விட்: நாம எப்பவும் அன்னைக்குத்தானே எடுத்து வைப்போம்.

மார்லிஸ்: ...சரி, இந்த மேசையை நீயே கொண்டுபோறியா?

ஆர்விட்: என் பால்கனியில ஒரு நாற்காலி போட்டாலே கதவு திறக்காது.

மார்லிஸ்: அப்ப யாருக்காவது கொடுத்துடுறேன்.

ஆர்விட்: அலுமினியம் காத்துக்கு நிக்காது, சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு லோவல் தோட்டத்துல போய் விழும்.

மார்லிஸ்: விழட்டும். லோவல் எடுத்துக்கிட்டு வந்து தருவாரு.

ஆர்விட்: தருவாரு, தருவாரு. காப்பி குடிச்சுட்டுத்தான் நகருவாரு.

மார்லிஸ்: வந்தவருக்குக் காப்பி கொடுக்காம?

ஆர்விட்: ...மார்லிஸ், இதைக் கொஞ்சம் கீழ வை.

மார்லிஸ்: என்ன, இடுப்பா?

ஆர்விட்: இல்ல. ஒண்ணு சொல்லணும்.

மார்லிஸ்: வச்சாச்சு. சொல்லு.

ஆர்விட்: இது தேக்கு. காலுக்கு அடியில செங்கல் கொடுத்து, காத்து போற மாதிரி ஒரு துணி உறை போட்டா போதும். எவ்வளவு பனி பெஞ்சாலும் வெளியிலயே நிக்கும். நிலவறைக்குத் தூக்க வேண்டிய அவசியமே இல்ல... எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். சொல்லிட்டா அப்புறம் நீ எதுக்கு என்னைக் கூப்பிடப் போற... கோவமா?

மார்லிஸ்: கோவம் எதுக்கு? நீ வந்து தூக்கின முதல் வருஷமே மேசை வித்த கடைக்காரர் எனக்குச் சொல்லிட்டாரு. உறைகூட வாங்கி, பிரிக்காம அலமாரியில ஒளிச்சு வச்சிருக்கேன். கிர்ஸ்டன்கிட்டயும் புதுசு ஒண்ணும் வேண்டாம்னு நேத்தே சொல்லியாச்சு... ம், அந்தப் பக்கம் பிடி. கீழ இறங்குறப்ப தலையைக் குனிஞ்சுக்கோ.